வார்டுத் தேர்தலில் வீதித் தொண்டர்கள்: அனுபவப் பகிர்வு

சேலம் உறுப்பினர்:

2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நாங்கள் அம்மாபேட்டையில் குடியிருந்தோம். 2011-க்குப் பிறகு மாநகராட்சித் தேர்தலே நடக்காதிருந்ததாலும், இடையில் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டதாலும், தங்கள் ஓட்டு எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியவில்லை. அதைத் தேடிச் சொன்னவர், வாக்காளர் பட்டியலும் பென்சிலுமாக வீடுவீடாக ஏறி இறங்கிய ஒரு கட்சியின் வார்டு செயலாளர்தான்.

எதிர்வீட்டுப் பாட்டி அவரிடம், "மேயருக்கு எந்தப் பொட்டியில தம்பி அமுக்கணும்?" என்று கேட்டார். 2011-இல் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்த நினைவு அவருக்கு. "இந்த வாட்டி கவுன்சிலருக்கு மட்டுந்தான் பாட்டி ஓட்டு. மேயரை அவங்க கூடி எடுத்துக்குவாங்க" என்றதும், "அப்ப என்னையக் கேக்காமலே மேயரா?" என்று பாட்டி கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்கு அவரிடம் பதில் இல்லை. சிரித்துவிட்டு பூத் சிலிப்பில் வரிசை எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அவருடைய பட்டியலை எட்டிப் பார்த்தேன். தம் கட்சிக்காரர் பெயருக்கு நேராக ஒரு கோடு, எதிர்க்கட்சிக்காரருக்கு வட்டம், இறந்தவர்களுக்கும் ஊர் மாறியவர்களுக்கும் பெருக்கல் குறி. எங்கள் வீட்டுக்குக் கேள்விக்குறி. சில பத்து ஓட்டுகளில் முடிவு மாறிவிடக்கூடிய வார்டுத் தேர்தலில், மேடைப் பேச்சைவிட இந்தப் பென்சில் குறிகளுக்கே மதிப்பு அதிகம் என்பது வாக்குப்பதிவு நாளன்று விளங்கியது. உள்ளே அமர்ந்திருந்த பூத் ஏஜென்ட் ஓட்டுப் போட்டவர்களின் வரிசை எண்களைக் குறித்துக்கொள்ள, மதியத்துக்கு மேல் வெளியிலிருந்தவர்கள் இன்னும் வராதவர்களின் வீடுகளுக்குச் சென்றார்கள். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி குறையும் என்று தயங்கியவர்களை, "அரை மணி நேரந்தாண்ணே, நான் கூடவே வர்றேன்" என்று சொல்லி அழைத்துவந்ததைப் பார்த்தேன்.

ஆனால் இதே பட்டியல்தான், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று கணக்குப் பார்த்து இரவில் உறை கொடுக்கவும் பயன்படுகிறது. எங்கள் தெருவுக்கும் அப்படி வந்தார்கள். குடும்ப நிலவரம் முழுவதையும் அறிந்த ஒருவர் நீட்டும்போது மறுப்பது அந்நியரிடம் மறுப்பதைவிடக் கடினம். நாங்கள் வாங்கவில்லை என்பதற்காக அவர் ஒரு மாதம் எங்களிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு குடிநீர் இணைப்பு தொடர்பாகக் கவுன்சிலரைப் பார்க்க வேண்டியிருந்தபோது, வழக்கம்போல அவரே அழைத்துச் சென்றார்.

ஒரத்தநாடு உறுப்பினர்:

கிராமத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2019 டிசம்பர் இறுதியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் வாக்குச்சீட்டு. முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத போட்டி என்பதால், எங்கள் ஊரில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் தலைவர் பதவிக்கு எதிரெதிரே நின்றார்கள். அவர்களில் ஒருவர் கிளைச் செயலாளரின் மைத்துனர். காலையில் மைத்துனருக்காகச் சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டவர், மாலையில் மற்றவரையும் உடன் அழைத்துக்கொண்டு பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஓட்டுக் கேட்டு வந்தார். முத்திரை மை மறுபக்கச் சின்னத்தில் படாதபடி சீட்டை எப்படி மடிப்பது என்று மாதிரிச் சீட்டை வைத்து வயதானவர்களுக்குப் பொறுமையாகக் காட்டியவரும் அவரே.

ஜனவரி 2 அன்று எண்ணிக்கை தொடங்கியபோது, கலந்து கிடந்த சீட்டுகளை நிறவாரியாகப் பிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. மைத்துனர் தோற்றார், கட்சியின் ஒன்றியக் கவுன்சிலர் வேட்பாளர் வென்றார். வெற்றி ஊர்வலத்தில் கொடி பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போக மனைவிக்குப் பயந்து கிளைச் செயலாளர் அன்றிரவு எங்கள் திண்ணையில்தான் படுத்திருந்தார்.