தாத்தாவின் தகரப் பெட்டியில் மூன்று லென்ஸ்கள்

குழு: கும்பகோணம் வீடு
ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 7:40): மாடி அறையில் தாத்தாவின் ஸ்டாண்ட் கேமராவுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி கிடந்தது. திறந்தேன். உள்ளே மூன்று லென்ஸ்கள். நேற்று வந்த பழம்பொருள் வியாபாரி மூன்றுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மாலையில் மறுபடி வருவாராம்.

சித்தப்பா: கொடுத்துவிடாதே! முதலில் படம் எடுத்து அனுப்பு. முன்வளையத்தில் செதுக்கியிருக்கும் எழுத்து, எண் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தம்பி: அக்கா, நிறைய களிம்பு ஏறியிருக்கிறதே. பித்தளை விளக்குக்குப் போடும் பாலிஷ் வாங்கி வரட்டுமா?

சித்தப்பா: வேண்டாம் தம்பி. பாலிஷ் கண்ணாடிக்குள் இறங்கினால் அதன் கதை முடிந்தது. செதுக்கிய எழுத்தில் ஊற்றிய வெள்ளை மையும் போய்விடும். நமக்கு ஆதாரமே அந்த எழுத்துதான்.

நான்: (படம்) பெரிய கறுப்பு லென்ஸ். ‘கார்ல் ஜைஸ் ஜேனா, டெஸ்ஸார், 1:4,5, எஃப்=21 செ.மீ.’ எண் 14 இலட்சத்து 41 ஆயிரத்துச் சொச்சம்.

மதுரை அத்தை: இதுதான்! அப்பா ஸ்டூடியோ திறந்தபோது மெட்ராஸிலிருந்து புதிதாக வரவழைத்தது. 1949. அம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள்.

தம்பி: இணையத்தில் டெஸ்ஸார் 1902 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் நூற்றிருபது வயதுக்கு மேலா?

சித்தப்பா: 1902 என்பது ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் டெஸ்ஸார் என்ற லென்ஸ் அமைப்பை உருவாக்கிய ஆண்டு. அம்பாசடர் கார் முதலில் வந்த ஆண்டை வைத்து உன் மாமா வண்டியின் வயதைச் சொல்ல முடியுமா? வளையத்தில் 1:4,5 என்றிருப்பது லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதன் அளவு, அதாவது 4.5; எண் சிறிதானால் ஒளி அதிகம். முதலில் வந்த டெஸ்ஸார் 6.3 அளவுதான். 4.5 அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. நம்முடைய லென்ஸுக்கு வரிசை எண்தான் பிறப்புச் சான்றிதழ். ஜைஸ் ஜேனாவின் எண்கள் ஏறத்தாழ 1930இல் பத்து இலட்சத்தைத் தாண்டின, 1937 வாக்கில் இருபது இலட்சத்தை எட்டின. 14 இலட்சம் என்றால் 1933ஐ ஒட்டி.

மதுரை அத்தை: அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாள்.

சித்தப்பா: அக்கா, நான் அப்படிச் சொல்லவில்லை. எண் என்பது தொழிற்சாலையில் ஒரு தொகுதிக்கு ஒதுக்கியது. செய்து முடித்து, கப்பல் ஏறி, கடைக்கு வர ஓரிரு ஆண்டு பிந்தலாம். ஆனால் பதினாறு ஆண்டு பிந்தாது. எண்ணை மட்டும் நம்பவும் மாட்டேன். முன்வளையத்தை ஒருவர் கழற்றி வேறொன்றில் மாட்டியிருக்கலாம். கண்ணாடியையே கேட்போம்.

பாப்பா, அறையை இருட்டாக்கு. லென்ஸில் இருக்கும் வளையத்தைத் திருகி டயாபிரத்தை, அதாவது ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்களை, முழுதும் மூடிவிடு. இப்போது முன்பக்கம் டார்ச் அடித்து, சற்றுச் சாய்த்துப் பார். உள்ளே எத்தனை ஒளிப்புள்ளிகள், என்ன நிறம்?

நான் (8:15): நான்கு. நான்கும் பளிச்சென்று இருக்கின்றன. டார்ச்சின் நிறமேதான், வெள்ளை. சாய்த்தால் இரண்டு ஒரு பக்கமும் இரண்டு எதிர்ப்பக்கமும் நகர்கின்றன.

சித்தப்பா: அருமை. தனித்தனியாக நிற்கும் இரண்டு கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், ஆக நான்கு. இப்போது பின்பக்கம்.

நான்: இரண்டு பளிச்சென்று இருக்கின்றன. நடுவில் மூன்றாவது ஒன்று, மிக மங்கல். கண்ணை இடுக்கினால்தான் தெரிகிறது.

சித்தப்பா: அந்த மங்கல் புள்ளிதான் எனக்கு வேண்டும். இரண்டு கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டிய இடம் அது. முன்னால் நான்கு, பின்னால் இரண்டும் ஒரு மங்கலும். இது டெஸ்ஸாரின் கைரேகை. வளையம் சொல்வதும் கண்ணாடி சொல்வதும் ஒத்துப்போகின்றன. நிறம் இன்னொரு சாட்சி. ஜைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்கும் பூச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றது 1935. பூச்சுள்ள பழைய ஜைஸ் லென்ஸில் புள்ளிகள் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும், வளையத்தில் சிவப்பு ‘டி’ எழுத்தும் இருக்கும். நம்முடையதில் வெறும் வெள்ளை. போருக்கு முந்திய கண்ணாடி.

தம்பி: டயாபிரம் வளையத்தில் 4.5, 6.3, 9, 12.5, 18, 25, 36 என்று இருக்கிறது. என் கேமராவில் 5.6, 8, 11. இது ஏன் வேறு?

சித்தப்பா: நல்ல கண். ஐரோப்பாவில் முன்பு இருந்த அளவுவரிசை அது. எண்ணுக்கு எண் பாதி ஒளி என்ற கணக்கு மாறவில்லை, தொடங்கும் இடம்தான் வேறு. அதையும், தசமத்துக்குக் காற்புள்ளி போட்டிருப்பதையும், செ.மீ. என்று எழுதியிருப்பதையும் ஜெர்மனியின் பழைய லென்ஸ்களில் பார்க்கலாம். பிற்காலத்தவை மி.மீ.க்கு மாறிவிட்டன.

நான்: இரண்டாவது சிறியது. (படம்) கோடாக் எக்டார், 127 மி.மீ., 4.7. எண்ணுக்கு முன்னால் ஈ, ஓ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்.

சித்தப்பா: இது எளிது! ‘கேமரோசிட்டி’ என்ற கோடாக்கின் குறிச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பார் தம்பி. சி, ஏ, எம், ஈ, ஆர், ஓ, எஸ், ஐ, டி, ஒய். பத்தும் வெவ்வேறு எழுத்து. சி என்றால் 1, ஏ என்றால் 2, இப்படியே போய் கடைசி ஒய் என்றால் 0. முதல் இரண்டு எழுத்தும் ஆண்டு.

தம்பி: ஈ 4, ஓ 6. 1946!

சித்தப்பா: அதேதான். வட்டத்துக்குள் ‘எல்’ எழுத்து இருக்கிறதா? இருந்தால் பூச்சு போட்டது.

நான்: இருக்கிறது. புள்ளிகளும் நீலம் கலந்து தெரிகின்றன. மூன்றாவதில் பெயரே இல்லை. முழுதும் பித்தளை. டயாபிரம் வளையம் இல்லை, குழலின் மேல்பக்கம் உண்டியல்போல ஒரு வெட்டு இருக்கிறது.

சித்தப்பா: அந்த வெட்டில் துளையிட்ட தகடுகளைச் செருகுவார்கள். 1858இல் இங்கிலாந்தின் ஜான் வாட்டர்ஹவுஸ் அறிவித்த முறை. டார்ச் அடித்துச் சொல்.

நான்: முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி. இரண்டு பளிச், ஒரு மங்கல்.

சித்தப்பா: இரு பக்கமும் ஒட்டிய ஜோடி. 1866இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டெய்ன்ஹைலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொண்டுவந்த அமைப்பு. அதை வைத்துப் பலர் செய்தார்கள். ஆகவே 1866க்குப் பின், டயாபிரம் இதழ்கள் பரவலாவதற்கு முன். பெட்டியின் மூலையில் தகடுகள் கிடக்கின்றனவா என்று தேடு.

நான்: நான்கு கிடைத்தன! வெற்றிலைப் பாக்குப் பொட்டலம்போலக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார்.

பெரியப்பா (10:05): இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பாப்பா, அந்த டெஸ்ஸாரைக் கேமராப் பலகையிலிருந்து கழற்றி வைத்தது நான்தான், 1988இல். மரையுள்ள பித்தளை வளையத்தின் பின்பக்கம் பார். ஏதாவது கீறியிருக்கிறதா?

நான்: (படம்) ஆணியால் கீறியதுபோல ‘கோ’ என்ற எழுத்து. பக்கத்தில் 38.

பெரியப்பா: அது அப்பாவின் கையெழுத்து அல்ல. அவருடைய ஆசிரியரின் பெயர் ‘கோ’வில்தான் தொடங்கும். அப்பா பன்னிரண்டு வயதில் தஞ்சாவூரில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தட்டு கழுவுவதிலிருந்து தொடங்கியவர். 1949இல் தனியாகக் கடை வைத்தபோது ஆசிரியர் ஏதோ கொடுத்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது கடைக்கு ‘வந்த’ லென்ஸ். நாம் ‘வாங்கிய’ லென்ஸ் என்று கேட்டுக்கொண்டோம்.

மதுரை அத்தை: அண்ணா, அப்பா அம்மா கல்யாணப் படம் அந்த ஆசிரியர் எடுத்ததுதானே? 1944.

பெரியப்பா: ஆமாம்.

மதுரை அத்தை: (படம்) என் பூஜை அறையில் இருக்கிறது. அப்படியென்றால் இதையும் இந்தக் கண்ணாடிதான் பார்த்ததா?

சித்தப்பா: அக்கா, அதை லென்ஸ் சொல்லாது. 38 என்பது ஆண்டா, கணக்குப் புத்தக எண்ணா என்பதும் தெரியாது. ஒரு ஸ்டூடியோவில் இரண்டு மூன்று லென்ஸ்கள் வைத்திருப்பார்கள்.

பெரியப்பா: அவரிடம் ஒன்றுதான் இருந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் கடையில் இருக்கும் கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றித் துணியில் சுற்றி அப்பாவின் மடியில் வைத்துப் பஸ்ஸில் கூட்டிப் போவாராம். மடியிலிருந்து இறக்கக் கூடாது என்பது கட்டளை. இதை அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மதுரை அத்தை: தன் கல்யாணத்துக்கும் அவரேதான் மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பார்.

நான் (10:31): வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றையும் பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வைக்கிறேன். அந்துருண்டை போடலாமா சித்தப்பா?

சித்தப்பா: போடாதே. சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். இங்கே ஆற்றங்கரை ஈரம், மூடிய பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வை. டயாபிரத்தை முழுதும் திறந்து வைக்க மறக்காதே.

தம்பி: அத்தை, அந்தக் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம்.

மதுரை அத்தை: உன் மாமா ஸ்குரூடிரைவர் எடுக்கப் போயிருக்கிறார்.