முதல் பத்தியைத் தாண்ட விடாத உள்குரல்: என்ன செய்யலாம்?

நடுவரி:
சிறுகதை எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறேன். ஒரு வரி எழுதியதும் ‘இதை நூறு பேர் எழுதியாச்சு’, ‘நடை தட்டையா இருக்கு’ என்று உள்ளே ஒரு குரல். உடனே அழித்துவிடுகிறேன். ‘உங்களை நம்புங்கள்’ வகை அறிவுரை வேண்டாம், செய்முறை இருந்தால் சொல்லுங்கள்.

கறுப்புமை:
எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்கிறீர்கள், கோளாறு அங்கேதான். பத்து நிமிடம் அலாரம் வையுங்கள். அது அடிக்கும்வரை அழிக்கக் கூடாது, மேலே போய்ப் படிக்கவும் கூடாது. எழுத்து கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் பரவலாக்கிய பயிற்சி இது. எதுவும் தோன்றாவிட்டால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டு போகலாம், கை மட்டும் நிற்கக் கூடாது.

சொல் சிக்காத இடத்தில் மூன்று உடுக்குறி (***) போட்டுவிட்டு நகருங்கள். வல்லினம் மிகுமா மிகாதா என்ற ஆராய்ச்சியும் அப்போது வேண்டாம். ஒரு ஒற்றுக்காக நின்றால் கண் மேல் வரிக்குப் போகும், அத்தோடு எழுத்து போச்சு. பிழைதிருத்தியின் சிவப்புக் கோட்டையும் அணைத்துவிடுங்கள். சொல்லப்போனால் பாதித் தொல்லை அதுதான்!

பலர் சறுக்குவது அலாரம் அடித்த பிறகு. சூட்டோடு படித்தால், மனதில் இருந்த கதையோடு தாளில் இருப்பதை ஒப்பிடுவீர்கள். அதில் தாள்தான் தோற்கும். ஒரு நாளாவது மூடி வையுங்கள்.

ஒற்றெழுத்து:
மேலே சொன்னது சரி, ஆனால் குரலை வாயடைக்கப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சில சமயம் அது சொல்வதில் நியாயம் இருக்கும். தனித்தாளில் அது சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘எந்த வரி?’ என்று கேளுங்கள். வரியைக் காட்ட முடிந்தால் அது திருத்தக் குறிப்பு. முடியாவிட்டால் வெறும் புலம்பல், அடித்துவிடலாம்.

உதாரணமாக, ‘நடை தட்டை’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘அவள் மிகவும் சோகமாக இருந்தாள் என்ற வரி தட்டை’ என்றால் வேலை கிடைத்துவிட்டது: ‘உள்ளே வந்தவள் விளக்கைப் போடாமலே உட்கார்ந்தாள்.’ ‘நூறு பேர் எழுதியாச்சு’ எந்த வரியையும் காட்டாது.

இன்னொன்று. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மைக் ரோஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்து தடைபட்ட ஐந்து மாணவர்களையும் தடைபடாத ஐந்து பேரையும் ஒப்பிட்டார். தடைபட்டவர்கள் விதிகளை விடாப்பிடியாகப் பிடித்திருந்தார்கள். தொடக்கமே வாசகரை இழுத்தாக வேண்டும் என்பது அப்படி ஒரு விதி. நீங்கள் முதல் பத்தியில் மாட்டுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கதையில் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் காட்சி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள், தொடக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

பின்குறிப்பு:
பாதி வரைவை யாரிடமும் காட்டாதீர்கள். முழுதும் முடித்தபின் ஒரே ஒருவரிடம் கொடுத்து இரண்டு கேள்வி மட்டும்: எங்கே கவனம் சிதறியது, எங்கே புரியவில்லை? ‘எப்படி இருக்கு?’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்று வரும். உங்கள் உள்குரல் அதை நம்பாது.

நடுவரி:
நன்றி. மூடி வைத்ததைத் திறக்கும்போது திருத்தத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கறுப்புமை:
முதலில் கையில் பேனா இல்லாமல் கடைசிவரை ஒருமுறை படியுங்கள். அடுத்து காட்சிகளின் வரிசை, தேவையில்லாத பத்திகள். பிறகு வாக்கியம். ஒற்றுப்பிழை எல்லாவற்றுக்கும் கடைசி. வெட்டப்போகும் பத்திக்குச் சந்தி பார்த்து என்ன பயன்?