ஏ, பி, சி வந்திருக்கு: மெடிசின் போச்சா? (நுவரெலியா மாவட்டம், உயிரியல் பிரிவு)

தளிர்_ஹட்டன்
தங்கச்சி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முதல் தடவை. உயிரியல் ஏ, இரசாயனவியல் பி, பௌதிகவியல் சி. மூன்றிலும் ஏ வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் ஸ்கோர், மெடிசினுக்கான போன வருட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொல்லி மீள்பரிசீலனைக்குப் போடலாமா, இல்லை நேராக இரண்டாம் தடவைக்கு இறங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதுளை_கணக்கு
முதலில் ஏ, பி, சியை ஒதுக்கி வையுங்கள். 75க்கும் ஏதான், 92க்கும் ஏதான். ஆனால் இஸட்டில் இரண்டும் வெகுதூரம். பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இஸட். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்ததுதான் சீட்டில் வருவது.

ஒரு கற்பனைக் கணக்கு: உயிரியலில் சராசரி 60, விலகல் 16 என்றால் 76 எடுத்தவருக்கு 1.00. இரசாயனவியலில் சராசரி 48, விலகல் 16 என்றால் 68க்கு 1.25. ஏயை விட பி மேலே போய்விட்டது பாருங்கள். ரிசல்ட் வந்ததும் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) எல்லோரும் "எத்தனை ஏ?" என்றுதான் கேட்பார்கள், அதற்காக நீங்களும் அதையே எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம்.

அடுத்து மாவட்ட நிலை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு, கண்டியும் மாத்தளையும் இல்லை. நம் மாவட்டத்தில் திறமை அடிப்படையில் உள்ளே போகிறவர்கள் மாவட்டக் கோட்டாவைத் தின்பதில்லை. அதனால் கோட்டா எண்ணிக்கையைத் தாண்டியும் பட்டியல் கீழே இறங்கும். போன வருட வெட்டுப்புள்ளி ஒரு குறிப்பு மட்டும்தான், இந்த வருடத்துக்கானது விண்ணப்பங்கள் எல்லாம் வந்த பிறகே தெரியும்.

கம்பளை_டீச்சர்
மீள்பரிசீலனைக்குப் போடுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். பௌதிகவியல் சி நிஜமாகவே எதிர்பாராதது என்றால் அந்த ஒரு பாடத்துக்கே போட்டால் போதும். விண்ணப்பம் பரீட்சைத் திணைக்களத்தின் இணையதளத்தில். கடைசித் தேதி சீக்கிரமே வந்துவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மறு முடிவு வரட்டும் என்று பல்கலைக்கழக அனுமதிக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தை விட்டுவிடுவது. இரண்டும் வேறு வேறு. கையில் இருக்கும் இஸட்டை வைத்து விண்ணப்பித்து விடுங்கள், பிறகு புள்ளி கூடினால் அதைப் பார்க்கலாம்.

விருப்ப வரிசையில் "கிடைக்குமா" என்று பார்த்துப் போடாதீர்கள், "வேண்டுமா" என்று பார்த்துப் போடுங்கள். மேலிருந்து கீழாகத் தகுதியான முதல் இடத்தைத்தான் தருவார்கள். அதனால் மெடிசினை மேலே வைப்பதால் கீழே இருப்பது பறிபோகாது. அதற்கடியில் பல் மருத்துவம், பேராதனையில் கால்நடை மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம். பிடிக்காத பாடநெறியைச் சும்மா நிரப்ப வேண்டாம், கிடைத்துத் தொலைத்தால் தலைவலி. கிடைத்த இடத்தில் பதிவு செய்யும் முன், பதிவு செய்தவர் மறுபடி விண்ணப்பிப்பது பற்றி ஆணைக்குழுவின் கையேட்டில் உள்ள பகுதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

தளிர்_ஹட்டன்
நன்றி டீச்சர். இரண்டாம் தடவை எழுதினால் உயிரியல் ஏயை அப்படியே வைத்துக்கொண்டு பௌதிகவியலை மட்டும் எழுத முடியுமா?

பதுளை_கணக்கு
முடியாது. மூன்று பாடமும் ஒரே அமர்வில்தான். பழைய ஏ சேர்ந்து வராது. மொத்தம் மூன்று தடவை எழுதலாம், அதில் இது ஒன்று கழிந்தது.

கணக்கு இப்படி: பௌதிகவியல் இஸட்டை 0.8இலிருந்து 1.4க்குக் கொண்டு போனால் மொத்தம் 0.2 ஏறும். உயிரியலில் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவர் அங்கே அந்த 0.6ஐத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆகவே நேரத்தில் பாதியைப் பௌதிகவியலுக்குக் கொடுங்கள். ஆனால் உயிரியலை மூடி வைத்துவிடவும் கூடாது, ஆறு மாதத்தில் பெயர்கள் எல்லாம் பறந்துவிடும். 2024 ரிசல்ட் 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது, அடுத்த பரீட்சை அந்த நவம்பரிலேயே தொடங்கியது. அவ்வளவு நேரம்தான் கையில் இருக்கும்.

கொட்டகலை_கெமி
பி வந்த பாடத்தையும் கவனியுங்கள். இரசாயனவியல் இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை நான்கு கட்டாயம், பிறகு பி பகுதியில் இரண்டு, சி பகுதியில் இரண்டு. பியில் மூன்று, சியில் ஒன்று என்று எழுதி ஒரு முழு வினாவைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. முதலாம் வினாத்தாளில் 31 முதல் 40 வரையும் 41 முதல் 50 வரையும் வேறு வேறு அறிவுறுத்தல். அந்த அறிவுறுத்தல் பெட்டிகளை மனப்பாடமாக வைத்திருந்தால் நிமிடங்கள் மிஞ்சும். பௌதிகவியலிலோ கல்குலேட்டர் கிடையாது. தசமப் பெருக்கல் வகுத்தலைக் கையால் தினமும் இருபது நிமிடம் செய்யச் சொல்லுங்கள். கோட்பாடு தெரிந்தும் சுருக்கலில் பிழை விட்டு சி தரத்துக்கு இறங்குவது நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி பார்ப்பது.

கம்பளை_டீச்சர்
தங்கச்சி சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அட்டவணை போடுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். உறவுக்காரர் போனை நீங்களே எடுங்கள். ராத்திரியில் ரொம்ப உடைந்து போனால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். ஆணைக்குழு விண்ணப்பத்தின் தேதியை மட்டும் கலண்டரில் இன்றைக்கே குறித்து வையுங்கள்.