எவோ பிரேக் செட் விற்கப் போய்ச் சந்தித்தவர்கள்

மிட்சுபிஷி லான்சர் எவோ 8 காரில் கழற்றிய பிரெம்போ கம்பனி பிரேக் செட் ஒன்றை, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கி, திருத்தி விற்றேன். பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கெலிப்பரில் முன்னுக்கு நாலு பிஸ்டன், பின்னுக்கு ரெண்டு. கொம்ப்ரசர் காற்றடித்துப் பிஸ்டன்களை வெளியே தள்ளினால் பழைய பிரேக் ஒயில் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வருகிறது. பழைய சீல் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் சூளையில் சுட்டுப் பிடிக்கவைக்கிற சிவப்பு பவுடர் கோட்டிங் பெயின்டுக்குக் கொடுத்தேன், அதன் பிறகுதான் புது சீலும், பிஸ்டன் பக்கம் தூசி போகாமல் மூடுகிற டஸ்ட் பூட் ரப்பரும்.

வந்த மெசேஜ்களில் முக்கால்வாசி "லாஸ்ட் ப்ரைஸ்?" தான். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியதைக் காட்டி, "இனி யார் அண்ணே பழைய சாமான் வாங்கப்போறாங்க" என்று பாதி விலைக்குக் கேட்டவர்களும் உண்டு. சரி, இறக்குமதி பண்ணுங்கள் என்று விட்டுவிட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பொருளைக் கையில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்ததுமே காசை எடுத்துவிட்டார். அவருடைய காருக்கு நாலு போல்ட் ஹப், 15 அங்குல வீல். முன் டிஸ்க் மட்டுமே 320 மில்லிமீற்றர், 17 அங்குல வீல் இல்லாமல் இது உள்ளே போகாது தம்பி என்றால், "வீலை வெளியே தள்ளுற ஸ்பேசர் போட்டுக்கலாம் அண்ணே" என்கிறார். கெலிப்பருக்கு மேல் மாட்டுகிற சிவப்பு கவர் கிடைக்கும், அதை வாங்குங்கள் என்று அனுப்பினேன். அது வண்டியை நிறுத்தாது, ஆனால் சிவப்பாக இருக்கும்.

உண்மையில் பார்த்து வாங்கியது தெஹிவளைப் பக்கம் ஒரு எவோ வைத்திருப்பவர். கூடவே வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார். பாஸ் பெயின்டைத் தொடவேயில்லை. டஸ்ட் பூட்டை நகத்தால் மெதுவாகத் தூக்கி, டார்ச் அடித்து, பிஸ்டன் ஓரத்தில் துரு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சீலை வச்சுக்கிட்டே சூளையில போட்டீங்களா?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்விக்கே விலை குறைக்கலாம். 180, 200 டிகிரி சூட்டில் ரப்பர் செத்துவிடும், பெயின்ட் மட்டும் பளபளக்கும். அப்புறம் டிஸ்க்கில் அடித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை வாசித்து, மைக்ரோமீற்றர் வைத்து அளந்தார். ஒரு டிஸ்க் அந்த அளவுக்குக் கிட்ட வந்திருந்ததால் அதன் காசைக் கழிக்கச் சொன்னார். நியாயம்தான், கழித்தேன்.

ஆனால் பூட்டும் நேரம் பாஸ் ஊருக்குப் போய்விட்டாராம், வேறு கராஜில் கொடுத்திருக்கிறார்கள். பெடல் தரைக்குப் போகிறது, சாமான் சரியில்லை என்று போன் வந்தது. போட்டோ அனுப்பச் சொன்னேன். காற்று எடுக்கிற நிப்பிள் கீழே பார்த்தபடி நிற்கிறது! இடது கெலிப்பர் வலது பக்கம், வலது இடது பக்கம். காற்று மேலே தேங்கி நின்றால் எவ்வளவு மிதித்தாலும் அந்த நிப்பிளால் வருமா? மாற்றிப் பூட்டி ஒயில் அடித்ததும் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது என்றார். கராஜ்காரர் மட்டும் சீலில்தான் பிழை என்று கடைசிவரை சொன்னாராம்.