சீலன்டுக்கு மேலே வாக்ஸ்: தேவையா, வீண் வேலையா?

கருப்பு ஸ்விஃப்ட்:
வண்டி திருவான்மியூரில் வெட்டவெளியில்தான் நிற்கிறது. பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்க கிளே பார் (களிமண் கட்டி) போட்டு பாலிஷும் முடிந்தது. பெயின்டைக் காக்கும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட் ஒன்று, கர்னாபா வாக்ஸ் (மெழுகு) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர், முதலில் வாக்ஸ், அதற்கு மேல் சீலன்ட் என்கிறார். சரியா?

மெழுகுப் பிரியன்:
தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். சீலன்ட் கிளியர்கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பெயின்ட் அடுக்கை, நேராகப் பிடிக்க வேண்டும். நடுவில் வாக்ஸின் எண்ணெய் இருந்தால் பிடிமானம் கிடைக்காது. முதலில் சீலன்ட், ராத்திரி முழுக்க ஈரம் படாமல் விடுங்கள், மறுநாள் வாக்ஸ். கருப்பு வண்டியில் கர்னாபா தரும் ஆழமான பளபளப்பே தனி.

சாலிகிராமம்:
வரிசை சரி. ஆனால் அந்த வாக்ஸே எதற்கு? கர்னாபா பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுப்பது. 82 டிகிரி வாக்கில்தான் உருகும் என்று பெருமையாகச் சொல்வார்கள். டப்பாவில் இருப்பது சுத்த கர்னாபா இல்லையே! அது கல் மாதிரி இருக்கும், தடவ வராது. அதனால் எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகும் கலக்கிறார்கள். அந்தக் கலவை சீக்கிரமே இளகிவிடும். மே மாத மத்தியானம் கருப்பு பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், வைத்த வேகத்தில் எடுத்துவிடுவீர்கள். இளகிய மெழுகில் தூசி ஒட்டும், அதைத் துணியால் தேய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும்.

மெழுகுப் பிரியன்:
சார், காக்கா எச்சம் விழுந்தால் முதலில் அடி வாங்குவது மேலே இருக்கும் வாக்ஸ். கீழே சீலன்ட் தப்பிக்கும். வாக்ஸ் போனால் திரும்பப் போடுவது சின்ன வேலைதான்.

சாலிகிராமம்:
வெயிலில் காய்ந்த எச்சத்தை எந்த அடுக்கும் தாங்காது. கிளியர்கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான். நாம் தடவுவது ஒரு மைக்ரான்கூடத் தேறாது. பார்த்தவுடன் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் எடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அப்புறம் வண்டி கழுவும் போர்வெல் தண்ணீர். வாக்ஸ் மேல் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதே முத்து வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு. துடைக்காமல் விட்டால் பெயின்டையே அரிக்கும்.

பட்டறைத் தம்பி:
இதே தொழிலில் இருக்கிறேன். பாலிஷுக்கு அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்தீர்களா அண்ணா? பாலிஷ் எண்ணெய் போகாமல் எந்த சீலன்டும் நிற்காது. சீலன்ட் ரெண்டு கோட் போதும். இரண்டாவது, முதல் தடவை கை படாமல் விட்ட இடத்தை மூடத்தான். அதற்கு மேல் போனால் புது கோட்டின் கரைப்பான் பழையதை இளக்கி, துடைக்கும்போது துணியோடு வந்துவிடும். டப்பாவில் கிளீனர் வாக்ஸ் என்று போட்டிருந்தால் சீலன்ட் மேல் கொண்டு போகவே போகாதீர்கள். அது கீழே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடும்.

கருப்பு ஸ்விஃப்ட்:
ஆல்கஹால் துடைப்பு விட்டுப்போச்சு தம்பி, நாளைக்கே செய்கிறேன். சீலன்ட் ரெண்டு கோட் முடிவு. வாக்ஸ்தான் குழப்பம்.

மெழுகுப் பிரியன்:
டிரைவர் பக்கம் முன்கதவில் வாக்ஸ் போடுங்கள், பின்கதவில் சீலன்ட் மட்டும். ஒரு மாதம் கழித்துப் படம் போடுங்கள், பேசுவோம்.

சாலிகிராமம்:
சம்மதம். ஆனால் கதவில் வேண்டாம், அங்கே தண்ணீரும் நிற்காது, வெயிலும் நேராக விழாது. பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதிக்கு மட்டும் வாக்ஸ் போடுங்கள்.