40 யார்டில் 10 இன்ச் வட்டத்துக்குள் 41 பெல்லட்தான்: சோக் மாற்றணுமா?

மிசூரி_மழை:
வணக்கம். வசந்தகால வான்கோழி சீசன் திறக்க இன்னும் ஒன்பது நாள்தான். ஷாட்கன் பெல்லட்கள் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) எப்படிப் பரவுகின்றன என்று நேற்று பேப்பர் கட்டிப் பேட்டர்ன் பார்த்தேன். 10 இன்ச் வட்டத்துக்குள் விழுந்தது 41 பெல்லட். 100 வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சோக் (குழல் முனையில் மாட்டி பெல்லட் சிதறலை நெருக்குவது) புதுசு, டர்க்கிக்கென்றே விற்பது. இதை விட்டுவிட்டு இன்னும் இறுக்கமானதாக வாங்கட்டுமா? இன்று இரவு ஆர்டர் போட்டால்தான் வந்து சேரும். அவசரம், சொல்லுங்கள்.

ஓக் மரத்தடி:
என்ன கேஜ் (குழல் அளவு)? பெல்லட் ஈயமா டங்ஸ்டனா? எத்தனை அவுன்ஸ், எந்த நம்பர் (நம்பர் கூடக்கூட பெல்லட் சிறிது)? சோக்கின் உள்விட்டம் என்ன? எத்தனை பேப்பர் சுட்டீர்கள்? இது எதுவும் தெரியாமல் சோக்கைக் குறை சொல்ல முடியாது.

டெக்சாஸ் ரியோ:
எனக்கு இறுக்கம் அதிகமோ என்றுதான் படுகிறது. 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 0.729 இன்ச். அதை 0.640 வரை நெருக்கினால் ஈய பெல்லட்கள் நசுங்கும். நசுங்கினது நேராகப் போகாது, ஓரத்துக்குச் சிதறிவிடும். ஈயத்துக்கு 0.660, 0.665 எனக்கு நன்றாக வந்திருக்கிறது. குழலில் ஒட்டிய பிளாஸ்டிக்கையும் பிரஷ் போட்டு எடுத்துப் பாருங்கள்.

பழைய பம்ப்:
தம்பி, முப்பது வருஷமாக வேட்டையாடுகிறேன். இந்த 10 இன்ச் கணக்கெல்லாம் நேற்று வந்தது. 40 யார்டு, 30 இன்ச் வட்டம், அதற்குள் விழுவது எத்தனை சதவீதம் என்றுதான் துப்பாக்கியை எடை போடுவார்கள். 70 வந்தால் ஃபுல் சோக், 60 மாடிஃபைடு, 50 இம்ப்ரூவ்டு சிலிண்டர். முதலில் இந்த அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் சோக் வாங்கலாம்.

ஓக் மரத்தடி:
பம்ப் அண்ணா, அந்த அளவுகோல் பறக்கிற பறவைக்குச் சரி. வான்கோழி தரையில் நிற்கிறது, நாம் குறிவைப்பது தலையும் கழுத்தும் மட்டும். 30 இன்ச் வட்டத்தின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான் 10 இன்ச் வட்டம். 300 பெல்லட்டில் 70 சதவீதம் என்றால் 210. அது ஒரே சீராகப் பரவினால் நடுவில் 23தான் இருக்கும். நடுவில் நெருங்கி விழுந்தால் அதைப்போலப் பல மடங்கு. இரண்டு துப்பாக்கிக்கும் சதவீதம் ஒன்றுதான், வேட்டை ஒன்றல்ல. அதனால்தான் அந்தக் காலத்திலேயே தலைப்படம் வரைந்த பேப்பரில் மூளையிலும் கழுத்தெலும்பிலும் எத்தனை என்று எண்ணினார்கள்.

மிசூரி_மழை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 12 கேஜ், 3 இன்ச் தோட்டா, ஈயம், 1¾ அவுன்ஸ், 5ஆம் நம்பர். சோக் 0.660. ஒரு பேப்பர்தான் சுட்டேன், தோள் வலித்தது. குறிபார்க்கக் குழல் முனையில் பீடு என்ற சிறு மணி மட்டும்தான் இருக்கிறது, மரத்தில் சாய்ந்துகொண்டு சுட்டேன்.

ரெட்டைக்குழல்:
ஈயத்தோடு ஏன் போராடுகிறீர்கள்? டி.எஸ்.எஸ். என்ற டங்ஸ்டன் பெல்லட்டுக்கு மாறுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11 சொச்சம், இது 18. அதனால் 9ஆம் நம்பர் பொடியே போதும், ஆழமாகப் போகிறது. அவுன்ஸுக்கு 360 பெல்லட். உங்கள் 5ஆம் நம்பர் ஈயத்தில் அவுன்ஸுக்கு 170தான். நான் 20 கேஜுக்கே இறங்கிவிட்டேன்.

பழைய பம்ப்:
ஒரு தோட்டா பத்து டாலருக்கு மேல். அதைக் கையில் வைத்துக்கொண்டு 60, 65 யார்டில் சுடுகிறவர்களைக் கண்ணால் பார்க்கிறேன். வான்கோழியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு 25 யார்டுக்கு வரவைப்பதுதான் வேட்டை. காயத்தோடு ஓடிப்போன பறவையை யார் தேடுவது?

ரெட்டைக்குழல்:
நான் 40 தாண்டிச் சுட்டதே இல்லை. அதே 40 யார்டில் சேவல் நின்ற இடத்திலேயே விழுகிறது, காயம்பட்டு ஓடுவதில்லை. தூரத்தில் சுடுவது சுடுகிறவன் தப்பு, உலோகத்தின் தப்பு இல்லை.

பழைய பம்ப்:
உங்களைச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தைப் படித்துவிட்டுப் புதியவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அதுதான் கோபம்.

ஓக் மரத்தடி:
இந்தச் சண்டை தனி இழையில் நடக்கட்டும். மிசூரி, இரண்டு கேள்வி. வட்டத்தைக் குறிவைத்த புள்ளியைச் சுற்றிப் போட்டீர்களா, பெல்லட் அடர்ந்த இடத்தைச் சுற்றியா? 40 யார்டு என்பதை எதை வைத்து அளந்தீர்கள்?

குறிப்புள்ளியைச் சுற்றிப் போட்டிருந்தால் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே எண்ணில் கலந்துவிடும். அடர்த்தி எவ்வளவு என்பது ஒன்று, அடி எங்கே விழுகிறது என்பது இன்னொன்று. பீடு மட்டும் உள்ள துப்பாக்கியில் கன்னம் கொஞ்சம் தூக்கினாலே அடி மேலே போகும். சோக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வட்டம் காலியாகத்தான் தெரியும். பெரிய பேப்பர் கட்டுங்கள், 40 இன்ச்சாவது வேண்டும். மணல் மூட்டையில் வைத்து மூன்று பேப்பர் சுடுங்கள். தோளுக்கு ஒரு தலையணை வையுங்கள். ஒவ்வொன்றிலும் அடர்ந்த இடத்தைக் கண்ணால் பார்த்து அங்கே வட்டம் போட்டு எண்ணுங்கள். அதன் நடு, குறியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் எழுதிவையுங்கள். இன்று ஆர்டர் போடாதீர்கள்.

டெக்சாஸ் ரியோ:
ஆமாம், 0.660 என்றால் என் சந்தேகத்தை விட்டுவிடுகிறேன். அது இறுக்கம் அதிகமில்லை.

மிசூரி_மழை:
குறிப்புள்ளியைச் சுற்றித்தான் போட்டேன். தூரம் எட்டு வைத்து அளந்தது, நான் கொஞ்சம் உயரம். நாளை ரேஞ்ச்ஃபைண்டர் கடன் வாங்கிப் பார்க்கிறேன்.

மிசூரி_மழை (மூன்று நாள் கழித்து):
என் 40 எட்டு 47 யார்டு. சரியான 40இல் மூன்று பேப்பர்: 96, 103, 91. ஆனால் மூன்றிலும் நடு, குறிக்கு ஆறு இன்ச் மேலே, இடப்பக்கம். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) ஒன்று மாட்டியாயிற்று, நாளை சரிசெய்கிறேன். சோக் அதேதான். எல்லோருக்கும் நன்றி.

பழைய பம்ப்:
நல்லது தம்பி. 5ஆம் நம்பர் மிசூரியில் பிரச்சினை இல்லை, 4ஆம் நம்பரைவிடப் பெரிய பெல்லட்தான் கூடாது.

ஓக் மரத்தடி:
டாட்டைச் சரிசெய்ததும் 15 யார்டிலும் ஒரு பேப்பர் சுடுங்கள். அந்தக் கிட்டத்தில் இந்த சோக் கைமுஷ்டி அகலத்துக்குத்தான் விரியும், ஒரு நூல் தப்பினாலும் பறவை போய்விடும். அங்கே எப்படி வருகிறது என்று சொல்லுங்கள்.