சர்க்கரை நோய் உள்ள நாயோடு வெளிநாட்டு விமானப் பயணம்: இன்சுலின் நேரம் இடிக்கிறது, உதவி தேவை

கேள்வி

நாய்க்கு வயது 9, எடை 9 கிலோ. கேனின்சுலின் (நாய்களுக்கான இன்சுலின்) 4 யூனிட், காலை 7, மாலை 7, சாப்பாட்டுக்குப் பிறகு. ஐந்து மாதத்தில் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றுக்குக் குடிபெயர்கிறோம். நேரடி விமானம், 9 மணி நேரம். அங்கே கடிகாரம் 5 மணி நேரம் பின்னால். கேபினில் பையோடு சேர்த்து 8 கிலோதான் அனுமதி, அதனால் விமானத்தின் கீழ்த்தளச் சரக்குப் பகுதியில்தான் போக வேண்டும். 9 மணி நேரம்தானே, இரண்டு ஊசிக்கு நடுவில் அடங்கிவிடும் என்று கணக்கு. சரிதானா? வழியில் தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கலாமா?

பதில் 1

கணக்கு தப்புங்க. பறக்கும் நேரத்தை எண்ணாதீர்கள். நாயை ஒப்படைக்கும் நிமிடத்திலிருந்து திரும்பக் கையில் வாங்கும் நிமிடம் வரை எண்ணுங்கள். கார்கோவாக அனுப்பினால் 3-4 மணி நேரம் முன்பே ஒப்படைக்கச் சொல்வார்கள். இறங்கிய பிறகு காகிதச் சோதனை, சுங்கம் எல்லாம் முடிய 2 மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். 9 மணி நேரம் 15 ஆகிவிடும். நடுவில் யாரும் கூண்டைத் திறந்து ஊசி போட மாட்டார்கள். உங்கள் பேக்கேஜோடு சேர்த்து ஏற்றும் விமானமாகப் பாருங்கள். செக்-இன் சமயத்தில் கொடுத்தால் போதும்.

அடுத்தது நேர மாற்றம். அங்கே காலை 7 என்றால் இங்கே பகல் 12. புறப்படுவதற்கு 5 நாள் முன்பிருந்து ஒவ்வொரு ஊசியையும் சாப்பாட்டையும் அரை மணி நேரம் தள்ளிக்கொண்டே வாருங்கள். 10 ஊசியில் பகல் 12, இரவு 12 என்று வந்து நிற்கும். பிறகு மதியம் 3 மணி வாக்கில் கிளம்பும் விமானமாக எடுங்கள். 12 மணிக்கு ஊசி, 12.30-க்கு ஒப்படைப்பு, அங்கே இரவு 7-க்குத் தரையிறக்கம், 8 மணிக்குக் கையில் நாய். இடைவெளி 13 மணி நேரம். ஒரு மணி நேரத் தாமதத்தைத் தாங்கும். இன்னும் தாமதமானாலும் விட்டதை ஈடுகட்ட இரட்டை டோஸ் கூடவே கூடாது.

எப்போதும் பின்னால்தான் தள்ள வேண்டும். முன்னால் இழுத்தால் முந்தைய ஊசியின் வேலை முடியும் முன் அடுத்தது சேர்ந்து சர்க்கரை இறங்கிவிடும்.

இதைவிட முக்கியம், பயண நாள் டோஸ். ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள்தான் சர்க்கரை மிகவும் இறங்கும். அந்த நேரத்தில் நாய் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும். சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டால் இன்சுலின் மட்டும் உடம்பில் நிற்கும். அன்று சாப்பாட்டையும் டோஸையும் எவ்வளவு குறைப்பது என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். சாப்பிட மறுத்தால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறினால் தாங்கும். இறங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

பதில் 2

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறன் குறையும். மயக்க மருந்து கொடுத்த நாயைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றுவதும் இல்லை. உங்கள் நாய் விஷயத்தில் இன்னொன்று: சர்க்கரை இறங்கித் தள்ளாடுகிறதா, மாத்திரையால் தள்ளாடுகிறதா என்று கையில் வாங்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்குப் பதில் இன்றே கூண்டை வாங்கி வீட்டில் வையுங்கள். அதற்குள்ளேயே சாப்பாடு, தூக்கம். சர்க்கரை நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும். கீழே ஈரம் உறிஞ்சும் விரிப்பை இரண்டு அடுக்காகப் போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்பும்படி மாட்டுங்கள். கண்புரை வந்திருந்தால் கூண்டின் மேல் ‘பார்வை குறைவு’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பதில் 3

காகித வேலைக்கு ஐந்து மாதம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்லப்பிராணி விதிகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் நாடுகள் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து அங்கே போவதானால் வரிசை இது: முதலில் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு ரத்தம் (வெறிநோய் எதிர்ப்புப் பொருளின் அளவு 0.5 ஐ.யு./மி.லி. அல்லது அதற்கு மேல் வர வேண்டும்), ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. நான்கு மாதம் இதிலேயே போய்விட்டது. சிப் வைக்கும் முன் போட்ட தடுப்பூசி கணக்கில் வராது, எனவே இரண்டு தேதியையும் இன்றே எடுத்துப் பாருங்கள். அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வாங்கிய 10 நாளுக்குள் உள்ளே நுழைய வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்சுலினைக் கூண்டிலேயே கட்டிவிடலாமா, சூட்கேஸிலா? தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்தானே?

பதில் 1

இரண்டும் வேண்டாம், கைப்பையில் வையுங்கள். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க முன்போலவே இருக்கும், ஆனால் அதை நம்பி ஊசி போட முடியாது. ஐஸ் பேக்கில் நேராகப் படாமல் துணியில் சுற்றுங்கள். சிரிஞ்சுக்கும் மருந்துக்கும் சேர்த்து மருத்துவர் கடிதம் ஒன்று, மருந்தின் பொதுப்பெயரோடு.

அங்கே வாங்கும்போது இதில் கவனம்: கேனின்சுலின் யு-40, அதாவது 1 மி.லி.-யில் 40 யூனிட். மனிதர்களுக்கான இன்சுலின் பெரும்பாலும் யு-100. யு-100 மருந்தைப் பழைய யு-40 சிரிஞ்சில் 4 கோடு இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். மருந்து மாறினால் சிரிஞ்சும் மாற வேண்டும், டோஸை மருத்துவர் புதிதாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கான மருந்தும் சிரிஞ்சும் கையோடு கொண்டுபோங்கள்.

கையில் வாங்கியதும் முதலில் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள், பிறகுதான் சாப்பாடும் ஊசியும். தள்ளாட்டம், நடுக்கம் இருந்தால் ஊசி போடாமல் ஈறில் தேன் தடவிவிட்டு நேராக மருத்துவரிடம். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். அங்கே மருத்துவர் மில்லிமோல் கணக்கில் பேசலாம். அவர் சொல்லும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு. 10 என்றால் 180.